பூனைக்குச் சோறு வைத்தது யார்?

நியூசிலாந்தின் வடக்குத் தீவுக்கும் தெற்குத் தீவுக்கும் நடுவில், குக் நீரிணையில், ஸ்டீஃபன்ஸ் என்றொரு சின்னத் தீவு. பரப்பளவு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான். 1894இல் அங்கே கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. அதன் உதவிக் காவலர் டேவிட் லையல். அவரிடம் டிபிள்ஸ் என்றொரு பூனை. தீவில் பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை இருந்தது. அந்தி சாய்ந்ததும் பாறை இடுக்குகளில் எலி மாதிரி ஓடித் திரியும். பூனை அதை ஒவ்வொன்றாகப் பிடித்துவந்து போட்டது. லையல் அவற்றைப் பதப்படுத்தி அனுப்பினார். அறிஞர்கள் அது உலகம் அறியாத புது இனம் என்று கண்டு பெயர் வைத்து முடிப்பதற்குள், தீவில் அந்தப் பறவை ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரே ஒரு பூனை ஓர் இனத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. அதே பூனை அதை அழித்தும் விட்டது.

இப்படித்தான் இந்தக் கதை நூறு வருஷத்துக்கும் மேலாகச் சொல்லப்படுகிறது. செம கதை. குற்றவாளிக்குப் பெயர் இருக்கிறது, குற்றம் நடந்த இடம் ஒரு மூடிய தீவு, முடிவில் ஒரு கசப்பான முரண். ஒரு சிறுகதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2004இல் ராஸ் கால்பிரெத், டெரெக் பிரவுன் என்ற இருவர் ‘நோட்டோர்னிஸ்’ இதழில் பழைய கடிதங்களையும் ஆவணங்களையும் வைத்து இந்தக் கதையைப் பிரித்துப் பார்த்தார்கள். வேலையைச் செய்தது ஒரு பூனை இல்லை. தீவுக்கு வந்த பூனை பெருகி, குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளுமாகத் தீவெங்கும் பரவியிருந்தது. அது மட்டும் இல்லை. அந்தப் பறவை ஒருகாலத்தில் நியூசிலாந்தின் இரண்டு பெருந்தீவுகளிலும் வாழ்ந்ததற்கு எலும்புச் சான்றுகள் உண்டு. பாலினீசியர்களின் படகுகளோடு வந்திறங்கிய எலிகள் அங்கே அதை முடித்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. ஸ்டீஃபன்ஸ் தீவு அதன் கடைசிப் புகலிடம். இன்னொன்று: பறவையின் தோல்களுக்கு நல்ல விலை இருந்தது. ஹென்றி டிராவர்ஸ் என்ற வியாபாரியிடமிருந்து வால்ட்டர் ராத்ஸ்சைல்ட் ஒன்பது தோல்களை வாங்கினார். பறவையின் அறிவியல் பெயர் டிராவர்சியா லையலி. அதாவது தோலை விற்றவர் பெயர் முன்னால், பூனை வைத்திருந்தவர் பெயர் பின்னால்.

கதையில் கப்பல் இருந்தது, விளக்கு இருந்தது, வியாபாரி இருந்தார், அருங்காட்சியகம் இருந்தது. ஆனால் நம் ஞாபகத்தில் நிற்பது டிபிள்ஸ்தான். பூனையும் பறவையும் பற்றிய எழுத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு இதே சந்தேகம் வருகிறது. பூனையை எதிர்த்து எழுதுபவரும் சரி, ஆதரித்து எழுதுபவரும் சரி, ஒரு பாத்திரத்தை மட்டும் வாக்கியத்திலிருந்து நைசாக எடுத்துவிடுகிறார்கள். அந்தப் பூனைக்குச் சோறு வைத்த ஆள்.

மேலே போவதற்கு முன் ஒரு சொல் பற்றி. இங்கே பேச்சு காட்டுப்பூனையைப் பற்றியது இல்லை. நம்மூரில் காட்டுப்பூனை என்பது தனி இனம். சங்கப் பாட்டில் வரும் வெருகும் காட்டில் திரிவதுதான். நான் சொல்வது வீட்டுப்பூனையையே. ஆனால் வீடில்லாதது. கைவிடப்பட்டது, அல்லது கைவிடப்பட்டதன் வயிற்றில் வெளியிலேயே பிறந்து, மனிதக் கை படாமல் வளர்ந்தது. இதற்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லாததால் ‘காடேறிய பூனை’ என்று வைத்துக்கொள்கிறேன். ‘காட்டுப்பூனை’ என்று எழுதினால் அது இயற்கையின் பிள்ளை ஆகிவிடும். ‘காடேறிய’ என்னும்போது அது எங்கிருந்தோ வந்தது என்பதாவது ஞாபகம் இருக்கும்.

இந்த வகை எழுத்தின் தாத்தா என்று எட்வர்ட் ஹோ ஃபோர்புஷைச் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலப் பறவையியலாளர். 1916இல் மாநில வேளாண் வாரியத்துக்காக வீட்டுப்பூனையைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தலைப்பிலேயே அதற்குப் பறவைக் கொல்லி, எலி பிடிப்பான், காட்டுயிர் அழிப்பான் என்று மூன்று பட்டங்கள். மாநிலம் முழுக்கக் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதில்களைத் தொகுத்தார். அன்றைக்குப் பறவையைக் காக்கச் சொல்லப்பட்ட பெரிய காரணம், அது பயிரைத் தின்னும் பூச்சிகளைத் தின்கிறது என்பது. இரண்டாவது காரணம் வேட்டை. காடை, கௌதாரி, ஃபெசன்ட் போன்ற வேட்டைப்பறவைகளைப் பூனை தின்றுவிட்டால் துப்பாக்கிக்காரனுக்கு என்ன மிஞ்சும்?

இந்த இரண்டாவது காரணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வாசிக்க வேண்டும். வேட்டைப்பறவை என்ற சொல்லுக்கு உள்ளேயே ஓர் உரிமைப் பத்திரம் இருக்கிறது. இதைக் கொல்லலாம், ஆனால் நான்தான் கொல்லலாம். பூனை இங்கே கொலைகாரன் கூட இல்லை. போட்டிக்காரன், அனுமதி இல்லாமல் வேட்டையாடுபவன். ஹீத் ஹென் என்ற பறவையின் கதையில் இது அப்பட்டமாகத் தெரியும். அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஏராளமாகத் திரிந்த வேட்டைப்பறவை அது. பெருநிலத்தில் அதை மனிதர்கள் சுட்டுத் தீர்த்தார்கள். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மட்டும் மிஞ்சியதற்கு 1908இல் காப்பிடம் அமைத்தார்கள். 1916இல் பெருந்தீ. பிறகு கடுங்குளிர், வல்லூறுகள், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம், வான்கோழிகளிடமிருந்து தொற்றிய நோய். இவற்றோடு பூனைகளும். 1932இல் கடைசிப் பறவை கண்ணில் பட்டது, அவ்வளவுதான். இந்தப் பட்டியலில் பூனையின் பெயர் இருப்பது நியாயமே. ஆனால் துப்பாக்கி தன் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான் பூனை மேடைக்கு வருகிறது.

ஸ்காட்லாந்தில் இதே நாடகம் தலைகீழாக நடந்தது. பண்ணையார்களின் வேட்டைப்பறவைகளைக் காக்க, 19ஆம் நூற்றாண்டில் காவலாட்கள் அங்கிருந்த உண்மையான காட்டுப்பூனையைக் கொன்று ஏறக்குறைய துடைத்தெடுத்தார்கள். இன்றைக்கு மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கும் பெரிய ஆபத்து, காடேறிய வீட்டுப்பூனைகளோடு கலந்து தன் அடையாளத்தையே இழப்பது. பறவைக்காக ஒரு பூனையைக் கொன்றோம், அதன் இடத்தை நிரப்ப இன்னொரு பூனையை நாமே கொடுத்தோம்.

எதிர்த்தரப்பின் எழுத்துக்கும் ஒரு செவ்வியல் மாதிரி உண்டு. 1949இல் இல்லினாய் மாநில சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பூச்சி தின்னும் பறவைகளைக் காக்க, பூனைகளை வீட்டெல்லையைத் தாண்டி அலையவிடும் உரிமையாளர்களுக்கு அபராதம். வெளியில் திரியும் பூனையை யாரும் பொறி வைத்துப் பிடிக்கலாம். ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் அதற்கு ஒப்புதல் தர மறுத்து ஒரு குறிப்பு எழுதினார். பின்னாளில் இருமுறை அதிபர் தேர்தலில் நின்று தோற்ற அதே ஸ்டீவன்சன். அரசு ஆவணங்களிலேயே இவ்வளவு சிரிக்க வைக்கும் உரைநடை அபூர்வம். துணையில்லாமல் கொஞ்சம் ஊர்சுற்றுவது பூனையின் சுபாவம் என்கிறார். பூனைக்கும் பறவைக்கும் உள்ள வழக்கைத் தீர்க்க அரசு இறங்கினால், நாளைக்கு நாய்க்கும் பூனைக்கும், பறவைக்கும் புழுவுக்கும் உள்ள வழக்கும் வரும் என்கிறார்.

வாசித்தால் யாருக்கும் ஸ்டீவன்சனைப் பிடித்துப்போகும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நகைச்சுவை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். பூனையும் பறவையும் ஆதிகாலம் முதல் இருக்கும் ஜோடி, இது உலக இயல்பு, நாம் யார் நடுவில் என்று அது கேட்கிறது. அமெரிக்காவில் வீட்டுப்பூனை ஆதிகாலம் முதல் இல்லை. ஐரோப்பியர்களின் கப்பலில் வந்தது. பறவைக்கும் புழுவுக்கும் உள்ள உறவில் யாரும் பறவைக்குத் தினமும் தட்டில் இரை வைத்து எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை. ஃபோர்புஷ் பூனையைக் குற்றவாளி ஆக்கினார், ஸ்டீவன்சன் அதை இயற்கை ஆக்கினார். இரண்டிலும் மனிதன் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறான், குற்றவாளிக் கூண்டில் இல்லை.

2005இல் விஸ்கான்சினில் நடந்தது இந்த இரு தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளின் சண்டை. கழுத்துப்பட்டையும் உரிமையாளரும் இல்லாத பூனைகளைச் சுட அனுமதிக்கலாமா என்று மாநில வனப்பாதுகாப்புக் கூட்டங்களில் கேள்வி வைத்தார்கள். ஆதரவாக 6,830 வாக்குகள், எதிராக 5,201. அது வெறும் ஆலோசனை வாக்குதான். ஆளுநர் எதிர்த்தார், சட்டம் ஆகவில்லை. ஆனால் அந்த வாரங்களில் இரண்டு தரப்பும் கத்திய கத்தலில், அத்தனை பூனைகளும் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு இடமே இல்லாமல் போனது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2013இல் ஸ்காட் லாஸ், டாம் வில், பீட்டர் மரா ஆகிய மூவரின் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் வெளியில் திரியும் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்கின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. அதில் ஏறத்தாழ 69 சதவீதம் ஆளில்லாத பூனைகளின் கணக்கு. மூன்று வருஷம் கழித்து மராவும் கிறிஸ் சான்டெல்லாவும் சேர்ந்து ‘கேட் வார்ஸ்’ என்ற நூலை எழுதினார்கள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக வெளியீடு. முதல் அத்தியாயம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? ஸ்டீஃபன்ஸ் தீவில்தான்.

இந்த நூலை அவசியம் வாசிக்கச் சொல்வேன். ஏன் ஒரு பூனை பறவைக்கூட்டத்தில் கழுகைவிடப் பெரிய ஓட்டை போடுகிறது என்பதை அது தெளிவாக விளக்குகிறது. கழுகின் எண்ணிக்கையை இரையின் எண்ணிக்கை கட்டுப்படுத்தும். இரை குறைந்தால் கழுகும் குறையும். பூனைக்கு அந்தக் கட்டு கிடையாது. பறவை தீர்ந்தாலும் தட்டில் சாப்பாடு வரும். வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, நூலின் அட்டையோ அழகான கொலைகாரன் என்ற தொனியில் பூனையின் பக்கம் விரலை நீட்டுகிறது. உள்ளடக்கம் தட்டைப் பற்றி, தலைப்பு பல்லைப் பற்றி. இதுதான் அந்த நூலின் குறை. தரவு தப்பு என்று நான் சொல்லவில்லை. தரவு சொல்லும் கதையை விட்டுவிட்டு, விற்கும் கதையைத் தலைப்பில் வைத்தார்கள்.

அதற்கான விலையையும் கொடுத்தார்கள். வெளியில் திரியும் பூனைகள் அனைத்தையும் எந்த வழியிலாவது அகற்றுவதே சூழலியல் நோக்கில் விரும்பத்தக்கது என்று ஓரிடத்தில் எழுதி, அது நடைமுறையில் சாத்தியமில்லை என்றும் உடனே ஒப்புக்கொள்கிறார்கள். எதிர்ப்பாளர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2019இல் வில்லியம் லின் உள்ளிட்ட சில ஆய்வாளர்கள், பூனைகள் மீதான இந்தக் கூச்சல் ஓர் அறப்பீதி என்று ‘கன்சர்வேஷன் பயாலஜி’ இதழில் எழுதினார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. தீவில் நடந்ததைக் கண்டத்துக்கு அப்படியே பொருத்த முடியாது. உலகளவில் நடந்த பறவை, பாலூட்டி, ஊர்வன அழிவுகளில் குறைந்தது 14 சதவீதத்தில் தீவுகளின் காடேறிய பூனைக்குப் பங்குண்டு என்று 2011இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பிரிட்டனின் தோட்டங்களிலோ, பூனையால்தான் பறவைத்தொகை குறைகிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்று அந்நாட்டுப் பறவைகள் பாதுகாப்புச் சங்கமே சொல்லிவருகிறது. சரி. ஆனால் எங்கெங்கே பூனை தீங்கு செய்கிறது என்று இடம்வாரியாகப் பார்க்கச் சொல்வது வேறு, பார்க்கவே வேண்டாம் என்று ஆறுதல் தருவது வேறு. அந்தக் கட்டுரையை இணையத்தில் பகிர்ந்தவர்களில் பலர் எடுத்துக்கொண்டது இரண்டாவதைத்தான்.

புனைவு இதைவிட நன்றாகச் செய்திருக்கிறதா? ஜோனதன் ஃப்ரான்சன் ஒரு பறவைப் பைத்தியம். அவருடைய 2010 நாவல் ‘ஃப்ரீடம்’ இந்தப் பிரச்சினைக்குள் நேராகவே நுழைகிறது. நாயகன் வால்ட்டர் பெர்க்லண்ட், செருலியன் வார்ப்ளர் என்ற நீலக்குருவியைக் காப்பதாகச் சொல்லி, மலையுச்சியை வெட்டி நிலக்கரி எடுக்கும் முதலாளியோடு கைகோக்கிறான். எல்லாம் சிதைந்து, காதலி லலிதாவும் கார் விபத்தில் இறந்துபோன பிறகு, மினசோட்டாவில் ஓர் ஏரிக்கரை வீட்டில் தனியாக இருக்கிறான். எதிரே புதுக் குடியிருப்பு முளைக்கிறது. அங்கிருந்து பாபி என்ற பூனை வந்து பறவைகளைக் கொல்கிறது. பூனைக்கு மாட்டச் சொல்லிக் கலர் கலரான கழுத்துத் துணிகளை வீடு வீடாகக் கொடுத்துப் பார்க்கிறான். பக்கத்து வீட்டு லிண்டா சட்டை செய்வதில்லை. கடைசியில் பாபியைப் பொறி வைத்துப் பிடித்துத் தூரத்து நகரக் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறான்.

இந்தப் பகுதி ஏன் நன்றாக இருக்கிறது என்றால், வால்ட்டர் சொல்வது முழுக்கச் சரி, அவன் செய்வது பார்க்கச் சகிக்கவில்லை. பாபி காடேறிய பூனை இல்லை; குழந்தைகள் கொஞ்சும் பூனை. வால்ட்டரின் கோபத்தில் பாதி லலிதாவின் சாவுக்கானது என்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. துக்கம் ஒரு எதிரியைத் தேடி அலைந்து, நாலு கிலோ எடையுள்ள ஒரு பிராணியைக் கண்டுபிடிக்கிறது. மரா–சான்டெல்லாவின் நூலால் செய்ய முடியாதது இது. மேலும் ஃப்ரான்சன் லிண்டாவை விட்டுவிடவில்லை. கதவைத் திறந்துவிடும் கை அவளுடையது என்று நாவல் அறிந்திருக்கிறது. அதுவரைக்கும் டிபிள்ஸ் கதையைவிட ஒரு படி மேலே.

ஆனால் முடிவில் நாவல் சறுக்குகிறது. ஏரி நிலத்தைச் சுற்றிப் பூனை ஏற முடியாத வேலி வருகிறது. அது பறவைக் காப்பிடம் ஆகிறது. வாயிலில் லலிதாவின் படம் பதித்த சிறு பலகை. உள்ளே போக அனுமதி பறவைகளுக்கும் எதிர்க் குடியிருப்பின் மனிதர்களுக்கும். நம்மூர்ப் பெயர் கொண்ட ஒருத்தி அமெரிக்க நாவலில் செத்துப்போய்ப் பெயர்ப்பலகை ஆவதில் எனக்குத் தனியாக ஒரு எரிச்சல் உண்டு. அவளுக்குப் பெயராவது இருக்கிறது. அறுநூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட ஓடும் நாவலில் ஒரு பறவைக்குக்கூடத் தனி முகம் கிடையாது. எரிச்சலை விடுங்கள். வேலி என்பது கதையை முடிக்க வசதியான பொருள். பூனை வெளியே, பறவை உள்ளே, மனிதர்கள் சமாதானம். லிண்டா வீட்டுக் கதவு அப்படியே திறந்துதான் இருக்கிறது. அடுத்த பாபி எங்கே போவான் என்று நாவல் கேட்பதில்லை.

நான் வாசித்ததிலேயே இந்தக் கதையைச் சரியாகச் சொன்னது ஒரு நாவலாசிரியர் இல்லை. 1979இல் ரோலண்ட் டெய்லர் நியூசிலாந்துச் சூழலியல் இதழில் எழுதிய ஒரு சிறிய ஆய்வுக்கட்டுரை. அண்டார்டிக்காவை நோக்கிய கடலில் மக்குவாரி என்ற தீவு. அங்கே தரையில் கூடு கட்டும் ஒரு பச்சைக்கிளி இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சீல் வேட்டைக்காரர்களோடு பூனை வந்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேல் பூனையும் கிளியும் ஒரே தீவில் இருந்தன. கிளி குறைந்துபோகவில்லை. காரணம், குளிர்காலத்தில் கடற்பறவைகள் கிளம்பிப் போய்விடும்; பூனைக்குத் தீனி கிடைக்காது; பெரும்பாலான பூனைகள் செத்துப்போகும். 1879 வாக்கில் மனிதர்கள் தங்கள் சாப்பாட்டுக்காக முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். முயல் வருஷம் முழுக்க இருக்கும். பூனைகள் குளிரைத் தாண்டின, பெருகின. 1891 வாக்கில் கிளி இல்லை.

இதில் யாரும் விட்டுப்போகவில்லை. பூனை கொன்றது என்பதை டெய்லர் மறைக்கவில்லை. ஆனால் அறுபது வருஷமாக முடியாத கொலை பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முடிந்தது ஏன் என்று கேட்டார். பதில் பூனையின் சுபாவத்தில் இல்லை, குளிர்காலத்துச் சாப்பாட்டில் இருந்தது. அந்தச் சாப்பாட்டை வைத்தவன் மனிதன். அவன் பூனைக்கென்று வைக்கவும் இல்லை.

தீவின் கதை அதோடு நிற்கவில்லை. 2000இல் கடைசிப் பூனையும் அகற்றப்பட்டது. அதற்குப் பின் முயல்கள் பெருகி மலைச்சரிவுகளை மொட்டையடித்தன. பூனை போனதுதான் காரணமா, முயல்களுக்குப் பரப்பிய நோய் வலுவிழந்ததா என்று ஆய்வாளர்கள் சண்டை போட்டார்கள். பிறகு முயல், எலி, சுண்டெலி எல்லாவற்றையும் அகற்றி, 2014இல்தான் தீவு சுத்தம் என்று அறிவித்தார்கள். கடற்பறவைகள் மீண்டு வருகின்றன. கிளி வராது.

ஆகவே கொல்லக்கூடாது என்பது என் முடிவில்லை. மக்குவாரியில் கொன்றிருக்காவிட்டால் இன்னும் சில பறவைகள் போயிருக்கும். ஸ்டீஃபன்ஸ் தீவிலும் பூனைகளைக் கொன்றுதான் தீர்த்தார்கள். தீவுகளில் வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை. நான் கேட்பது எழுத்தைப் பற்றி. ஒரு பிராணியைக் கொல்லச் சொல்லும் பக்கத்தில் அது எப்படி அங்கே வந்தது, யார் தீனியில் பெருகியது என்பதும் இருக்க வேண்டும். கருத்தடை செய்து அதே தெருவில் திரும்ப விட்டுவிடுங்கள், நாங்கள் சோறு வைக்கிறோம் என்று கனிவோடு எழுதும் பக்கத்திலும், அந்தச் சோறு இன்னும் எத்தனை பூனைகளை அந்தத் தெருவில் தாங்கும், மாதாமாதம் புதிதாகக் கொண்டுவந்து விடப்படும் குட்டிகள் எத்தனை என்பது இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் இதை எழுதினால் கொலை லேசாகாது. இரண்டாவதில் எழுதினால் கருணை லேசாகாது.

ராத்திரி வாசலில் கிண்ணம் வைத்து, பூனை சாப்பிடுவதைப் போட்டோ எடுத்துப் போடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அந்தப் படத்தில் பூனை இருக்கும், கிண்ணம் இருக்கும். வைத்த கை பெரும்பாலும் சட்டகத்துக்கு வெளியே. அடுத்த முறை இதைப் பற்றி ஒரு கதையோ கட்டுரையோ எழுத உட்காரும்போது, அந்தக் கையிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.